கடலில் விழுந்த போனை முதலில் கழுவுங்கள், அப்புறம் காய வையுங்கள்

கேட்வே ஆப் இந்தியாவில் படகுகள் கரையை ஒட்டி வரிசையாக நிற்காது. ஒன்றோடு ஒன்றைக் கட்டிப் போட்டிருப்பார்கள். எலிபெண்டாவிலிருந்து திரும்புகிறவர்கள் தங்கள் படகிலிருந்து பக்கத்துப் படகுக்குத் தாண்டி, அதற்குள் நடந்து, பிறகுதான் படிக்கட்டில் கால் வைக்க முடியும். மார்ச் மாதம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சித்தி குடும்பத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போயிருந்தேன் (திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை, மும்பைக்கு வருகிற சொந்தக்காரர்கள் சரியாக அன்றைக்குத்தான் கிளம்புவார்கள்). திரும்பி வந்து இறங்கும்போது தம்பியின் தோளிலிருந்த பை நழுவி இரண்டு படகுக்கும் நடுவில் விழுந்தது. படகுக்காரப் பையன் கொக்கி வைத்த கழியால் எடுத்துக் கொடுத்தான். மிஞ்சிப் போனால் ஒன்றரை நிமிடம் தண்ணீரில் கிடந்திருக்கும்.

பைக்குள் இருந்தவை: தம்பியின் விலை உயர்ந்த போன், சித்தியின் சாதாரண போன், ஒரு பவர் பேங்க், கேமரா, ஊரில் நிற்கும் காரின் ரிமோட் சாவி, அப்புறம் சித்தப்பா "காத்துல ஒரே இரைச்சலா இருக்கு" என்று கழற்றி டப்பாவில் போட்டு வைத்த காது மெஷின்.

சித்தி உடனே சொன்னாள்: "ஏல, ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போனதும் அரிசி டின்னுக்குள்ள போட்டுருவோம்."

மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் ஒரு சர்வீஸ் கடை மேசைக்குப் பின்னால் பதினோரு வருடம் உட்கார்ந்தவன் நான். அரிசிக்குள் போட்டால் சப்போட்டா பழுக்கும், போன் காயாது. அதைவிடப் பெரிய தப்பு வேறு ஒன்று இருக்கிறது. கடல் தண்ணீரில் விழுந்த பொருளை எல்லோரும் உடனே காய வைக்கப் பார்க்கிறார்கள். அதை முதலில் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை நனைக்க வேண்டும். இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்ப்பார்கள், அதனால் காரணத்தைச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

ஏன் கழுவ வேண்டும்

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. குழாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டால் கடல் தண்ணீர் நூறு மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரம் கடத்தும். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும், போன் பேட்டரியில் இருப்பதோ 3.7-க்கு மேல். ஆகவே உப்புத் தண்ணீர் புகுந்த போன் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே சர்க்யூட் போர்டின் செம்பு கரைந்துகொண்டே இருக்கிறது. பூஜைச் செம்பில் களிம்பு பிடிக்கப் பல வாரம் ஆகும், அதே பச்சைக் களிம்பு மின்சாரம் ஓடும் போர்டில் ஒரே நாளில் பிடித்துவிடும்.

சரி, அணைத்துவிட்டுக் காய வைத்தால் என்ன? தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரப்பதம் அந்த அளவுக்கு மேலேதான். பிப்ரவரியில் அலிபாக் போய் நனைத்து, அரிசியில் போட்டு, "அருமையாக வேலை செய்யுது" என்று மூன்று மாதம் ஓட்டிய போன்கள் ஜூன் பிறந்ததும் எங்கள் மேசைக்கு வரும். திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். வாடிக்கையாளர் "தண்ணீரே படலை பாய்" என்பார்.

அரிசி வைத்தியத்தை ஆப்பிள் நிறுவனமே 2024-ல் தன் உதவிப் பக்கத்தில் வேண்டாம் என்று எழுதிவிட்டது. அரிசியின் மாவும் தூசியும் உள்ளே புகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். என் காரணம் இன்னும் எளிது. அரிசி உப்பை எடுக்காது.

தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு

முதலில் அணையுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாம், யாருக்கும் போன் செய்ய வேண்டாம், டார்ச் எரிகிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டாம். ஐபோனில் பக்கப் பட்டனையும் ஏதாவது ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் அணைக்கும் ஸ்லைடர் வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பவர் பட்டனை மட்டும் நீளமாக அழுத்திக்கொண்டே இருந்தால் நிறையப் போன்கள் அணைந்து தானே திரும்ப ஏறிவிடும், கவனம். ஸ்க்ரீன் ஈரத்தில் தொடுவதை ஏற்கவில்லை, போனும் அணையவில்லை என்றால் துணியால் துடைத்து இன்னொரு முறை முயலுங்கள். அப்போதும் முடியாவிட்டால் கீழே சொல்லும் கழுவலை முடித்துவிட்டு நேரே ஒரு கடைக்குப் போய்ப் பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அன்றைக்கு வேறு எந்த வேலையும் அதற்கு முன்னால் கிடையாது.

ஏற்கெனவே செத்துவிட்டது என்றால் நல்லதாகப் போயிற்று. உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள்.

கவரைக் கழற்றுங்கள், சிம் தட்டை வெளியே எடுங்கள். சிம் கார்டும் மெமரி கார்டும் ரொம்பக் கெட்டி, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். சார்ஜர் பக்கமே போகாதீர்கள். சார்ஜர் போட்டுக் கொன்ற போன்கள்தான் என் மேசைக்கு அதிகம் வந்தன, கடல் தனியாகக் கொன்றவை குறைவு.

அடுத்து கழுவல். அன்றைக்கு கேட்வே வாசலில் இரண்டு லிட்டர் குடிநீர் பாட்டில் மூன்று வாங்கினேன். படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் ஊற்றி போன்களை முக்கி மெதுவாக அசைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப ஊற்றி, மூன்று நான்கு முறை செய்தேன். சித்தி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சுண்டல் விற்கிறவர்கூட நின்று பார்த்தார்.

மூடி வலுவாக இருக்கிற ஐபி68 போன் (ஐபி என்பது தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தரக் குறியீடு) என்றால் வெளிப்புறத்தையும் சார்ஜர் ஓட்டையையும் ஸ்பீக்கர் சல்லடையையும் மெல்லிய ஓட்டத்தில் அலசினால் போதும், உள்ளே தண்ணீர் போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஐபி சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதுப் போனில். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், ஐபி68-ன் ஆழத்தைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளும். இரண்டு வருடம் பாக்கெட்டில் கிடந்து, நான்கு முறை கீழே விழுந்து, ஒருமுறை பேட்டரி மாற்றிய போனில் அந்த ரப்பரும் பசையும் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மும்பைக் குழாய்த் தண்ணீர் தான்சா, பாட்சா, வைதர்ணா என்று ஏரிகளிலிருந்து வருவதால் அவ்வளவு கடினமில்லை, அவசரத்துக்கு அதிலும் அலசலாம். ஊரில் போர்வெல் தண்ணீர் மட்டும் கிடைக்கிற இடமென்றால் பாட்டில் தண்ணீரே மேல், இல்லாவிட்டால் ஒரு உப்புக்குப் பதில் இன்னொரு உப்பை உள்ளே விடுகிறீர்கள்.

பிறகு சார்ஜர் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். போனைப் பிடித்து உதறாதீர்கள், ஓரத்தில் நிற்கிற தண்ணீர் நடுவுக்குப் போய்விடும். பட்ஸ் குச்சியோ டிஷ்யூவோ ஓட்டைக்குள் விடாதீர்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம், அந்தக் காற்று தண்ணீரை உள்ளே தள்ளும், சூடு பசையை இளக்கும்.

வீட்டுக்கு வந்தபின்: திறக்கலாமா, கூடாதா

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். போன் வாங்கும்போது தற்செயல் சேதத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுத்தீர்களா? எடுத்திருந்தால் திறக்காதீர்கள், கடையிலும் திறக்க விடாதீர்கள், முதலில் அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். சாதாரண வாரண்டியில் தண்ணீர்ச் சேதம் வராது, ஐபி68 போனாக இருந்தாலும் வராது. நனையவில்லை என்று சாதிக்கவும் முடியாது. பெரும்பாலான போன்களுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கும், ஐபோன்களில் சிம் தட்டின் ஓட்டைக்குள்ளேயே தெரியும், தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடும்.

காப்பீடு இல்லை, போனும் சீல் இல்லாத சாதாரணப் போன் அல்லது உள்ளே தண்ணீர் போனது நிச்சயம் என்றால் அன்றைக்கே திறந்தாக வேண்டும். கை பழக்கம் இல்லாவிட்டால் கடை. ஓரளவு பழக்கம் இருந்தால் நான் சித்தியின் போனுக்குச் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தேவைப்படுபவை: சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், பிளாஸ்டிக் நெம்புகோல், மெல்லிய பல் துலக்கும் பிரஷ், டிஸ்டில்டு வாட்டர், 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். டிஸ்டில்டு வாட்டரை இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிற எந்தக் கடையிலும் பேட்டரித் தண்ணீர் என்று கேட்டால் கொடுப்பார்கள், வெறும் டிஸ்டில்டு வாட்டர்தானா என்று லேபிளைப் பாருங்கள், ஆசிட் கலந்ததை வாங்கி வந்துவிடாதீர்கள். ஆல்கஹாலை லாமிங்டன் ரோட்டில் ஐபிஏ என்றால் போதும். மருந்துக் கடை ஸ்பிரிட்டோ கை கழுவும் சானிட்டைசரோ இதற்கு உதவாது, அதில் தண்ணீரும் வேறு சரக்கும் கலந்திருக்கும். பெட்ரோல், தின்னர் ஊற்றுகிற கைப்பழக்கம் சில பழைய மேசைகளில் இன்னும் உண்டு. அது பிளாஸ்டிக்கைத் தின்னும்.

பின் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக்கால் நெம்பிக் கழற்றுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பேட்டரி உப்பியிருந்தால், தொட்டால் சூடாக இருந்தால், நகப் பாலிஷ் போல இனிப்பாக ஒரு வாசனை வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு போனை வெறும் தரையில், துணி, மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். உப்பிய பேட்டரிக்கு மேல் ஹீட் கன் பிடிக்கிற தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் புருவத்தையும் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி, ஸ்க்ரீன், கேமரா, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றி ஒதுக்குங்கள். போர்டு மட்டும் குளிக்கும், ஸ்க்ரீன் குளிக்கக் கூடாது, அதன் அடுக்குகளுக்கு நடுவில் போகிற ஆல்கஹால் கறையாக நின்றுவிடும்.

இப்போது முக்கியமான இடம், கடைகளிலேயே பலர் தவறுவது இங்கேதான். போர்டை நேராக ஐபிஏ-வில் போடாதீர்கள். சமையல் உப்பு ஆல்கஹாலில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. முதலில் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிட்டு பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று முறை செய்து உப்பை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஐபிஏ. ஐபிஏ-வின் வேலை உப்பை எடுப்பது அல்ல, மிச்சமிருக்கும் தண்ணீரோடு கலந்து சிப்களுக்கு அடியிலிருந்து அதை இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாவது. கனெக்டர்களின் பல்லுக்கு இடையிலும் தகர மூடிகளின் ஓரத்திலும் நேரம் செலவிடுங்கள். அந்த ஷீல்டு மூடிகளுக்கு அடியில்தான் தண்ணீர் ஒளிந்துகொள்ளும், கழற்றக்கூடிய மூடியாக இருந்தால் கழற்றுங்கள். சால்டர் செய்து ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், அது அல்ட்ராசோனிக் மெஷின் (ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கிற தொட்டி) வைத்திருப்பவர் வேலை. பச்சைக் களிம்பு தெரிகிற இடத்தில் ஐபிஏ நனைத்த பிரஷ், பொறுமை, இரண்டும் போதும். பித்தளைக்கு உதவுகிறதே என்று புளியை எடுத்து வராதீர்கள், ஒருவர் உண்மையிலேயே எடுத்து வந்தார்.

ஐபிஏ ஆவி அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறையில் செய்யாதீர்கள், பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் செய்யாதீர்கள்.

மும்பையில் காய வைப்பது

டிசம்பரில் டெல்லியில் காய்வதுபோல ஜூலை மாதம் அந்தேரியில் எதுவும் காயாது, பால்கனியில் போட்ட ஜட்டியே மூன்று நாளைக்கு ஈரமாக இருக்கிற ஊர் இது. வெளிக் காற்றை நம்பாதீர்கள். வீட்டில் ஏசி இருந்தால் அந்த அறையில் டிரை மோடில் வைத்து, மேசையில் ஒரு வலைத் தட்டின் மேல் பொருளைப் பரப்பி, டேபிள் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஏசி குளிர்விப்பதோடு காற்றிலிருந்து ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது, பின்னால் சொட்டுகிற தண்ணீர் அதுதான். ஏசி இல்லையென்றால் மூடி இறுகிய டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல். செருப்புப் பெட்டியில் வருகிற இரண்டு பொட்டலம் பத்தாது, கால் கிலோவாவது வேண்டும், கேமரா கடைகளில் கிடைக்கும். நிறம் மாறுகிற வகை வாங்கினால் எப்போது தீர்ந்தது என்று தெரியும், அதை 120 டிகிரியில் ஓவனில் காய வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

வெயிலில் வைக்காதீர்கள். பேட்டரியோடு இருக்கிற போனுக்கு 45 டிகிரி என்பது எல்லை, மே மாத மொட்டை மாடியில் கறுப்பு போன் அதைச் சுலபமாகத் தாண்டும்.

எவ்வளவு நேரம்? திறந்து கழுவி ஐபிஏ-வில் முக்கிய போர்டுக்கு ஒரு முழு நாள். திறக்காத போனுக்கு மூன்று நான்கு நாள், அதற்குள் ஆசைக்கு ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்ப்பதெல்லாம் கிடையாது. போனைப் பூட்டி வைக்க ஒரு ஆளைப் போடுங்கள். எங்கள் வீட்டில் தம்பியின் போனை சித்தியே பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள், பீரோ இருக்கும் அறையில்தான் ஏசி.

பொறுக்க முடியாத அந்த நாட்களில் சிம்மை அலசிக் காய வைத்து வேறு போனில் போடுங்கள். சிம் தொலைந்து டூப்ளிகேட் வாங்கினீர்கள் என்றால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. ஓடிபி வராமல் யூபிஐ-யும் ஏறாது. பையில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள்.

முதன்முதலில் பவர் கொடுப்பது

சார்ஜர் போட்டுப் பார்ப்பதில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜில் ஏறுகிறதா பாருங்கள். கடையில் என்றால் பேட்டரியை இணைக்காமல் டிசி சப்ளையில் போர்டை மட்டும் மாட்டி மீட்டரைப் பார்ப்பார்கள். பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே ஆம்பியர் ஏறினால் எங்கோ ஷார்ட். முள் அசையாமல் நின்று, பட்டனை அழுத்தியதும் ஏறி இறங்கினால் நிம்மதி.

ஏறிவிட்டதா? வாட்ஸ்அப்பைத் திறக்காதீர்கள், முதலில் பேக்கப். படம், காண்டாக்ட், வங்கி செயலிகளின் பதிவு எல்லாவற்றையும் அந்த நிமிடமே வெளியே எடுங்கள். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பது எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டது, அதன் சாவி பிராசஸரோடு கட்டிப் போடப்பட்டிருக்கும். போர்டு செத்த பிறகு மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு போனில் வைத்துப் படம் எடுக்க முடியாது. போர்டே ஒருமுறையாவது எழுந்து நிற்க வேண்டும். ஆகவே பழைய போனாக இருந்தால் அதைப் பிழைக்க வைப்பது லட்சியம் இல்லை, ஒரு மணி நேரம் எழுப்பி உள்ளே இருப்பதை வாங்கிக்கொள்வதே லட்சியம்.

சார்ஜர் ஓட்டையில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்பீக்கர் மூக்கடைத்த மாதிரிப் பேசினால் தாழ்ந்த சுருதியில் ஒரு ஒலியை ஓடவிட்டுச் சல்லடைத் தண்ணீரைத் தள்ளலாம், ஸ்பீக்கர் வாயில் நிற்கிற சொட்டுக்கு மட்டும் அது உதவும்.

கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். "பாய், சமுந்தர் கா பானி கயா ஹை, ஆன் மத் கர்னா" (கடல் தண்ணீர் போயிருக்கிறது, ஆன் செய்யாதீர்கள்) என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் முதலில் செய்கிற வேலை சார்ஜர் மாட்டிப் பார்ப்பது. அல்ட்ராசோனிக் இருக்கிறதா, ஷீல்டு கழற்றிக் கழுவுவாரா, கழுவிய போர்டை உங்களுக்குப் படம் எடுத்துக் காட்டுவாரா என்று கேளுங்கள். வெறும் ஹீட் கன்னால் ஊதிவிட்டு "ஹோ கயா" (முடிந்தது) என்பவரிடம் போனை விட்டுவிட்டு வராதீர்கள். "டெட் ஆனால் பொறுப்பில்லை" என்று எழுதி வாங்குவது ஏமாற்று இல்லை, தண்ணீர் பட்ட போனுக்கு நேர்மையான கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார்.

மற்ற பொருட்கள்

பவர் பேங்க்: காப்பாற்ற முயலவே வேண்டாம். உப்புத் தண்ணீர் போன லித்தியம் பேட்டரி அன்றைக்குச் சாதுவாக இருந்துவிட்டு நாட்கள் கழித்துப் பற்றிக்கொள்ளும். 2022-ல் இயன் புயலில் கடல் தண்ணீரில் முங்கிய மின்சாரக் கார்கள் புளோரிடாவில் அப்படித்தான் பிற்பாடு எரிந்தன. தகர வாளியில் மணல் போட்டு அதில் வைத்து வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். லோக்கல் ரயிலில் கைப்பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஏறாதீர்கள். பங்கார்வாலாவிடம் (பழைய சாமான் வாங்குகிறவர்) போடாதீர்கள், அவர் சுத்தியலால் தட்டுவார். மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவரிடமோ பிராண்டின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். பற்றிக்கொண்டால் கூச்சப்படாமல் நிறையத் தண்ணீர் ஊற்றலாம், குளிர்விப்பதே காரியம். புகையை மட்டும் சுவாசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

கேமரா: பேட்டரி, கார்டு, லென்ஸ் மூன்றையும் கழற்றுங்கள். கார்டை அலசிக் காய வைத்து ரீடரில் போடுங்கள், அது பிழைத்தால் பாதி துக்கம் தீர்ந்தது. உடம்பைத் திறக்காதீர்கள், உள்ளே பிளாஷ் இருக்கிற கேமராவில் பேட்டரி எடுத்த பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு நிற்கும், நான் வாங்கிய அடி இன்னும் முழங்கையில் ஞாபகம் இருக்கிறது. கடலில் முங்கிய கேமரா என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் முடிந்த கதை. பழுது பார்க்கும் செலவில் பழைய கேமரா ஒன்று வாங்கிவிடலாம். தம்பியிடமும் அப்படியே சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கார் சாவி: இதுதான் இருப்பதிலேயே சுலபம். மூடியைப் பிரித்து பட்டன் பேட்டரியைத் தூக்கிப் போடுங்கள் (பெரும்பாலும் சிஆர்2032, பழையதன் முதுகில் எழுதியிருக்கும்). போர்டை டிஸ்டில்டு வாட்டர், ஐபிஏ என்று அதே வரிசையில் கழுவி ஒரு நாள் காய வைத்துப் புது பேட்டரி போடுங்கள். ரிமோட் செத்தாலும், திருகுகிற சாவி உள்ள பல கார்களில் வண்டியைக் கிளப்ப விடுகிற இம்மொபிலைசர் சிப் பேட்டரி இல்லாமலே வேலை செய்கிற ஜாதி, அதனால் சாவியை உடனே தூக்கிப் போட வேண்டாம்.

காது மெஷின்: இதை நானே கையாளத் தயங்கினேன். பேட்டரிக் கதவைத் திறந்து உள்ளேயிருந்த குட்டிப் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அது ஜிங்க்-ஏர் வகை, முதுகில் உள்ள ஓட்டை வழியாகக் காற்றை எடுத்து ஓடுவது, நனைந்தால் அவ்வளவுதான். வெளியே ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, காதுக்குள் போகிற ரப்பர் மூக்கைக் கழற்றி அலசி, கதவைத் திறந்தபடியே சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்து, மறுநாள் காலையே விற்ற இடத்தில் கொடுத்தோம். அதற்குள் ஐபிஏ ஊற்றாதீர்கள், மைக்கின் மெல்லிய திரை போய்விடும். பெரியவர்களுக்கு இது போனைவிட அவசரம் என்பதை வீட்டில் மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாரம் சித்தப்பா எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

லேப்டாப் விழுந்தால் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி அணைத்து, கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வையுங்கள். அடி மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை எடுங்கள். எஸ்எஸ்டி தனியாகக் கழலும் மாடல் என்றால் அதை எடுத்து அலசிக் காய வையுங்கள். கீபோர்டு பஞ்சு மாதிரி உப்பைப் பிடித்து வைத்திருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும்.

வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க் மட்டும் இந்த விதிக்கெல்லாம் நேர் எதிர். கழுவவும் வேண்டாம், காய வைக்கவும் வேண்டாம். அதன் மேல் மூச்சு விட ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதன் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே சுழலும் தட்டுக்குப் போயிருந்தால் காய்ந்ததும் உப்பு தட்டோடு ஒட்டிக்கொள்ளும், சுற்ற விட்டால் தட்டைப் படிக்கிற ஹெட் அதன் மேல் உரசும். ஈரம் காயாமல் ஜிப் கவரில் மூடி டேட்டா ரிகவரி செய்கிறவரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிழைத்த பிறகு

தம்பியின் போனுக்கு உள்ளே தண்ணீர் போகவில்லை, நான்காம் நாள் எடுத்தபோது பொட்டு வெள்ளையாகவே இருந்தது. கேமரா போயிற்று, கார்டு பிழைத்தது. காது மெஷினில் வலது பக்கத்துக்கு ரிசீவர் மாற்றினார்கள். சாவி ஊரில் காரைத் திறந்தது.

சித்தியின் போனை மூடும்போது அவளிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். முதல் இரண்டு வாரம் ராத்திரி தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது, கண் முன்னால் போட்டு சூடு ஏறுகிறதா, பின் மூடி உப்புகிறதா என்று பார்க்க வேண்டும். போனை ஒருமுறை திறந்தாகிவிட்டது, ஒட்டிய பசை பழையபடி நிற்காது, அதனால் இனிமேல் மழையில்கூட நனையக் கூடாது.

ஜூலையில் சார்ஜ் ஏறவில்லை என்று அழைத்தாள். பாளையங்கோட்டையில் தெரிந்த கடை ஒன்றில் கொடுத்து, திறந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சார்ஜிங் போர்ட்டின் ஓரத்தில், என் பிரஷ் எட்டாத ஒரு மூலையில், கடுகளவு பச்சை. போர்டு சுத்தமாக இருந்தது. சார்ஜிங் போர்ட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள்.